காக்கட்டீலுக்கு ஒரு கூண்டு: தோட்டப் பட்டணத்து வீட்டில் தேர்ந்தெடுப்பது முதல் குடியேற்றுவது வரை

என் முதல் காக்கட்டீலை, அதாவது கொண்டை வைத்த சிறு கிளியை, மெர்போக் புறாவுக்கான கூண்டில்தான் வைத்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலும் (குடியிருப்பிலும்) பக்கத்துக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) பறவை வளர்ப்பு என்றாலே அந்தக் கூண்டுதான் கண்ணில் படும். வட்டமாக, மேலே குவிந்து, மெல்லிய மூங்கில் குச்சிகளால் பின்னி, வாசலில் உயரத்தில் தொங்கும். பறவை விற்றவரும் "இது போதும் தம்பி" என்றார். மூன்றே வாரத்தில் வால் இறகெல்லாம் ஒடிந்து தேய்ந்த விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டது. மூங்கில் குச்சியில் இரண்டைக் கடித்தே அறுத்துவிட்டது. அப்புறம் ஒரு நள்ளிரவில் அது கூண்டுக்குள் அடித்துக்கொண்ட சத்தத்தில் எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். இறக்கையில் ரத்தம். அந்த இரவுக்குப் பிறகுதான் இந்தப் பறவைக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

மெர்போக் புறா இனம். குச்சியில் அமர்ந்து கூவும், கம்பியைப் பிடித்து ஏறாது. காக்கட்டீல் கொண்டைக்கிளிக் குடும்பத்தில் ஆகச் சிறியது. அலகை மூன்றாவது கால் போலப் பயன்படுத்திப் பக்கவாட்டில் ஏறி இறங்கும், எதையும் கடித்துப் பார்க்கும். தலை முதல் வால் நுனி வரை 30 செண்டிமீட்டருக்கு மேல் இருக்கும், அதில் பாதி வால். எடையோ 80 முதல் 100 கிராம்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாகப் பறந்து திரியும் இனம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 ஆண்டுகள் வாழும். ஆகவே இன்று வாங்கும் கூண்டு, உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும் வரை அந்தப் பறவைக்கு வீடாக இருக்கப்போகிறது.

முதலில் இடம், பிறகுதான் கூண்டு

பலர் கூண்டை வாங்கி வந்துவிட்டு எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. கடைக்குப் போகுமுன் ஒரு முழு நாள் உங்கள் வீட்டைப் பாருங்கள். காலை ஏழரைக்கு எங்கே வெயில் விழுகிறது, மதியம் இரண்டு மணிக்கு எந்த மூலை கொதிக்கிறது, மாலை மழையில் சாரல் எதுவரை வருகிறது என்று பாருங்கள். நம் ஊரில் கூண்டின் தரம் பாதி என்றால், அது நிற்கும் இடம் மறுபாதி.

பழைய தோட்டத்து லயன் வீடாக இருந்தால் தகரக் கூரைக்கு நேர் கீழே, சீலிங் இல்லாத இடத்தில் வைக்கவே கூடாது. மதியத்தில் அங்கே மனிதனுக்கே தலை சுற்றும். வரிசை வீடுகளில் கார் போர்ச்தான் பலருக்கும் முதலில் தோன்றும் இடம். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு மணி நேரம் அங்கே வைப்பது நல்லதுதான். ஆனால் நிரந்தரமாக அங்கே வேண்டாம். பூனை, காகம், குரங்கு, இரவில் மரநாய், தானியத்துக்கு வரும் எலி, எலிக்குப் பின்னால் வரும் பாம்பு எல்லாமே செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு அருகில் குடியிருக்கும் நமக்குத் தெரிந்தவைதாம். கம்பிக்கு வெளியே இருந்தே ஒரு பூனை கால்விரலைக் கிழித்துவிடும்.

ஹாலில், குடும்பம் உட்காரும் பக்கமாக, ஒரு பக்கம் சுவரை ஒட்டி வைப்பது சிறந்தது. நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கமிருந்து ஆபத்து வரும் என்ற பதற்றத்திலேயே இருக்கும். சுவர் ஒரு பக்கத்தைக் காத்தால் அமைதியாகும். உட்காரும் குச்சி நம் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம்.

புகை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. இழுக்கும் காற்று ஒரே திசையில் ஓடுவதால் அதிலிருந்து உயிர்வளியை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்ளும். காற்றில் இருக்கும் நஞ்சையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்ளும். அதனால் சமையலறை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் அதிகம் காய்ந்துவிட்டால் அதன் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். அந்தப் பூச்சு கொண்ட ஏர் ஃபிரையரும் அப்படித்தான். சாமி அறையை ஒட்டிய இடமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் தினசரி ஊதுபத்தியும் நமக்கு மணம், அதற்கு மூச்சுத் திணறல். எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனால் ஒருநாள் சாம்பிராணி போட்ட பிறகு அவரே கூப்பிட்டு, "ஐயா, குருவி வாயைத் திறந்து மூச்சு வாங்குது பாரு" என்றார். அன்றிலிருந்து சாம்பிராணி போடும்போது கூண்டு பின்னறைக்குப் போய்விடும், கதவு மூடப்படும். கொசுவத்தி, பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டையும் பறவை இருக்கும் அறையில் நிறுத்திவிடுங்கள்.

டிங்கி தடுப்புக்குப் புகை அடிக்கும் வண்டி வரும் நாளில் சன்னல் கதவுகளை அடைத்து, வீட்டின் ஆக உள்ளே இருக்கும் அறைக்குக் கூண்டை நகர்த்துங்கள். புகை முழுக்கக் கலைந்த பிறகு கூண்டுப் பக்கம் இருக்கும் மேசை, தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். 2015, 2019 போல புகைமூட்டம் மோசமாகும் ஆண்டுகளிலும் இதே ஒழுங்குதான். ஆகவே கூண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு கணக்குப் போடுங்கள்: சக்கரம் வைத்த தாங்கியோடு அது உங்கள் அறைக் கதவுக்குள் நுழையுமா?

அளவு

தனிப் பறவைக்கு 24 அங்குல அகலம், 18 அங்குல ஆழம், 24 அங்குல உயரம் என்பது ஆகக் குறைந்தது. அதற்குக் கீழே போகாதீர்கள். இடமும் பணமும் இருந்தால் 30, 32 அங்குல அகலத்துக்குப் போங்கள். ஜோடிக்கு அதுவே தொடக்க அளவு. உயரத்தைவிட அகலம் முக்கியம். காக்கட்டீல் பக்கவாட்டில் பறக்கும், ஹெலிகாப்டர் போல நேராக மேலே எழும்பாது. உயரமாக, ஒடுக்கமாக, கோபுரம் போல இருக்கும் கூண்டு பார்க்க அழகு, ஆனால் பறவை அதன் மேல் பகுதியில் மட்டுமே வாழும்.

கடையில் இப்படிச் சோதியுங்கள். பறவை நடுக்குச்சியில் நின்று இரண்டு சிறகையும் முழுக்க விரித்தால் கம்பியிலோ பொம்மையிலோ இடிக்கக் கூடாது. குச்சியில் திரும்பும்போது வால் பின்கம்பியில் உரசக் கூடாது. மெர்போக் கூண்டு இந்த இரண்டிலும் தோற்றுவிடும். வட்டக் கூண்டில் பறவை ஒதுங்கி நிற்க ஒரு மூலைகூட இருக்காது. குவிந்த மேல்பகுதியில் கம்பிகள் நெருங்கிச் சேரும் இடத்தில் விரலோ கொண்டையோ சிக்கும்.

கம்பி, பூச்சு, கதவு

கம்பிகளுக்கு இடையே அரை அங்குலம் முதல் அதைவிட அரைக்கால் அங்குலம் கூடுதல் வரை, அதாவது 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதைவிட அகலமானால் தலை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஓர் அளவுகோலைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள். விற்பவர் சொல்லும் அளவை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். குறைந்தது இரண்டு பக்கமாவது கம்பி படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஏணி ஏறுவது போல ஏறும். எல்லாம் செங்குத்தாக இருந்தால் ஏறி வழுக்கும்.

பூச்சு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஹார்ட்வேர் கடையில் சுருளாக விற்கும் துத்தநாகப் பூச்சு வலையைக் கொண்டு கூண்டு கட்டுவது நம் ஊரில் சாதாரணம். கோழிக்குப் பரவாயில்லை. எதையும் கடிக்கும் கொண்டைக்கிளி இனத்துக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. துத்தநாகமும் ஈயமும் வயிற்றில் சேர்ந்தால் பறவை சோர்ந்து, எச்சம் நீர்த்து, நடுங்கத் தொடங்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தக் கம்பியில் வெள்ளைப் பொடி வேறு பூக்கும். வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் குறையும் என்பார்கள். குறையும், போகாது. நல்ல பவுடர் கோட்டிங் பூசிய கூண்டு போதும். துருப்பிடிக்காத எஃகு வாங்க முடிந்தால் அதற்கு மேல் இல்லை. பெயின்ட் செதில் செதிலாக உரிந்த கூண்டைத் தொடவே வேண்டாம்.

மலிவான கூண்டுகளில் கதவு மேலே தூக்கி விடும் வகை. காக்கட்டீல் அதை இரண்டே நாளில் அலகால் தூக்கக் கற்றுக்கொள்ளும். தூக்கித் தலையை வெளியே நீட்டும்போது கதவு கழுத்தில் விழும். கிண்ணம் வைக்க இருக்கும் அந்த வகைச் சிறு கதவுகள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் கொக்கி மாட்டுங்கள். முன்கதவு பக்கவாட்டில் திறப்பதாக, உங்கள் கையில் பறவை அமர்ந்தபடியே வெளியே வரும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும்.

பழைய கூண்டு கிடைத்தால்

நான் இப்போது வைத்திருக்கும் கூண்டு பழையதுதான். ஈப்போவுக்கு மாறிப் போன ஒருவரிடம் 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பழையதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் முன்பு இருந்த பறவையின் நோயையும் சேர்த்து வாங்கிவிடக் கூடாது. முதலில் சோப்பும் சுடுநீரும் போட்டு எச்சம் முழுக்கப் போகத் தேயுங்கள். அழுக்கின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது. பிறகு பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோரக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) கலந்து பத்து நிமிடம் ஈரமாக வைத்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். குளோரக்ஸோடு வினிகரைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஒரு முழு நாள் வெயிலில் காயட்டும். மூக்கை வைத்து முகர்ந்தால் வாசனையே வரக் கூடாது. பழைய மரக் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அவற்றைச் சுத்தம் செய்ய முடியாது.

உட்காரும் குச்சிகள்

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சியும் வழுவழுவென்ற உருண்டைக் குச்சியும் ஒரே தடிமனில் இருக்கும். நாள் முழுக்க நிற்கும் பறவைக்கு, பாதத்தில் ஒரே இடம் அழுந்தி அழுந்திப் புண்ணாகிவிடும். நம்மிடம் அதைவிட நல்லது கொல்லையிலேயே இருக்கிறது: கொய்யாக் கிளை. கெட்டியானது, கடிக்கலாம், பட்டையை உரித்து விளையாடலாம், இயற்கையாகவே ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருக்கும். நம் சுண்டுவிரல் தடிமனிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரை மூன்று கிளைகள் போதும். பறவை பிடித்து நின்றால் முன்விரல் நுனியும் பின்விரல் நுனியும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க வேண்டும். மருந்து ஏற்றாத மூங்கிலும் ஆகும், ஆனால் வழுக்கும். அங்கங்கே கத்தியால் கீறிவிடுங்கள்.

தோட்டத்து ஓரத்தில் கிடக்கும் கிளையை எடுக்காதீர்கள். களைக்கொல்லி அடிக்கும் இடம் அது. பாராகுவாட்டை 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள் என்றாலும் மற்ற மருந்துகள் அடிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ரப்பர் உட்படப் பால் வடியும் மரம் எதுவும் வேண்டாம். அரளி நஞ்சு, அதன் பக்கமே போக வேண்டாம். வெட்டிய கிளையைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள்.

மாட்டும்போது தூங்குவதற்கு ஒன்றை ஆக மேலே வையுங்கள். மற்றதைச் சற்றுக் கீழே, எதிர்ப்பக்கத்தில், நடுவெளி பறக்கக் காலியாக இருக்கும்படி. ஒரு குச்சிக்கு நேர் கீழே இன்னொன்றையோ கிண்ணத்தையோ வைத்தால் எச்சம் அதில்தான் விழும். நகம் தேயட்டும் என்று விற்கும் மணல்தாள் உறை பாதத்தைத்தான் தேய்க்கும். வாங்காதீர்கள்.

கிண்ணம், கணவாய் ஓடு, அடித்தளம்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிண்ணம் மூன்று: தானியத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று. நம் வெப்பத்தில் நறுக்கிய காயும் ஊறவைத்த பயறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. தண்ணீரை இருவேளை மாற்றுங்கள், தானியத்தை அன்றாடத்துக்கு வேண்டிய அளவு மட்டும் போடுங்கள். மூட்டையில் மிச்சம் இருப்பதை மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஈரக் காற்றில் தானியம் பூசணம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரியும். மக்கிய வாசனை வந்தால் மொத்தமும் குப்பைக்கு.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு கட்டுங்கள். கடையில் வாங்கலாம். பாசாரில் மீன் விற்பவரிடம் கேட்டால் சும்மாவே தருவார். உள்ளே வெள்ளையாகக் கெட்டி ஓடு இருக்கும் பெரிய கணவாயின் ஓடுதான் வேண்டும், மெல்லிய கண்ணாடித் தகடு போன்றது இருக்கும் ஊசிக் கணவாய் ஆகாது. இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, கொதிக்கவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். மிருதுவான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கட்டுங்கள்.

அடித்தட்டில் பழைய நாளிதழ்தான் சிறந்தது. மரத்தூள் நம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், தூசியும் கிளம்பும். நாளிதழை தினமும் மாற்றும்போது எச்சத்தைப் பாருங்கள். பச்சை அல்லது பழுப்புப் பகுதி, வெள்ளைப் பகுதி, கொஞ்சம் தெளிந்த நீர், இந்த மூன்றும் இருந்தால் சரி. திடீரென்று நிறமோ நீர்ப்பதமோ மாறி அப்படியே இருந்தால் பறவை நோயை மறைக்கிறது என்று பொருள். காக்கட்டீல் முடிந்தவரை நோயை வெளியில் காட்டாது, நாளிதழ்தான் நமக்குக் காட்டிக்கொடுக்கும். அதன் இறகிலிருந்து வெள்ளைப் பொடியும் உதிரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர் படுக்கும் அறையில் கூண்டு வேண்டாம்.

விளையாட்டுப் பொருள்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பச்சைத் தென்னங்கீற்றில் கெத்துப்பாட் (ஓலையில் வேகவைக்கும் சோறு) கூடு பின்னுவது போலப் பின்னி உள்ளே நாலு தினையைப் போட்டுத் தொங்கவிட்டால் அரை நாள் அதோடு போய்விடும். நூல் பிரிந்த கயிறும், பிளவு வாய் உள்ள உருண்டைச் சலங்கையும் மட்டும் வேண்டாம், விரல் மாட்டும். துணிக் குடிசை, பெட்டி போன்ற இருட்டான எதையும் உள்ளே வைக்காதீர்கள். பெண் பறவை ஜோடி இல்லாமலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். தொடர்ந்து இட்டால் சுண்ணாம்பு வற்றி, முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

எறும்பு

தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது நம் பாட்டிமார் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்த வழி. இன்றும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வெப்பத்தில் ஒரு வாரத்திலேயே கொசுவாகிப் பறந்துவிடும். அதனால் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்து மாற்றுங்கள். எறும்பு மருந்துச் சுண்ணக்கட்டியைக் கூண்டுக்கு அருகில் கிழிக்காதீர்கள்.

இரவு

முதல் பறவை ரத்தம் சிந்திய அந்த இரவின் காரணம் எனக்குப் பல வாரம் கழித்துத்தான் புரிந்தது. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கம்பம் நட்டு, மேலே பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். எலி விஷத்தைவிட எவ்வளவோ நல்ல வழி. அந்தக் கூகை ஒன்று எங்கள் வேலிச் சுவரில் வந்து உட்கார்ந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்ததை வேறோர் இரவில் கண்டேன். காக்கட்டீலுக்கு இருட்டில் திடீர்ப் பதற்றம் வருவது மற்றக் கிளிகளைவிட அதிகம். ஒரு நிழல், பல்லி ஓடும் சத்தம், தூரத்து இடி போதும், கண்மூடித்தனமாக எழும்பிக் கம்பியில் மோதும்.

ஆகவே இரவில் கூண்டு உள்ளே, சன்னலை விட்டு விலகி இருக்கட்டும். மூன்று பக்கம் மெல்லிய பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்துவிடுங்கள். அறையில் ஒரு மங்கலான இரவு விளக்கு எரியட்டும், அது விழித்தால் குச்சி எங்கே என்று தெரிய வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். இங்கே ஆண்டு முழுக்க இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் என்பது நமக்கு வசதி. ஆனால் ஹாலில் நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடினால் அது பயன்படாது. அப்படிப்பட்ட வீட்டில் இரவுக்கு மட்டும் கூண்டை வேறு அறைக்கு நகர்த்துங்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பட்டாசு வெடிக்கும் இரவுகளில் நீங்களும் அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.

பதற்றம் வந்துவிட்டால் உள்ளே கைவிடாதீர்கள். விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி மெல்லப் பேசுங்கள். அடங்கிய பிறகு இறக்கையைப் பாருங்கள். ரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்துச் சுத்தத் துணியால் சில நிமிடம் அழுத்துங்கள். நிற்கவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவர். பறவை பார்க்கும் மருத்துவர் யார், எந்த ஊரில் என்று இப்போதே விசாரித்து எண்ணைக் கூண்டுப் பக்கம் எழுதி ஒட்டுங்கள். சின்னப் பட்டணங்களில் நாய் பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள்தான் அதிகம், இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குடியேற்றுவது

பறவையைக் கொண்டுவரும் முன் இரண்டு நாளாவது கூண்டு எல்லாம் மாட்டிய நிலையில் அதன் இடத்தில் நிற்கட்டும். காலையில் கூட்டி வாருங்கள், அப்போது பகல் முழுவதும் குச்சி எங்கே, தண்ணீர் எங்கே என்று பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். கொண்டுவந்த பெட்டியின் வாயைக் கூண்டுக் கதவோடு சேர்த்து வைத்துவிட்டு விலகுங்கள், தானாக உள்ளே போகும். முதல் மூன்று நாள் அதைப் பிடிக்கவோ உறவினரைக் கூட்டிவந்து காட்டவோ வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள், அவ்வப்போது பேசுங்கள். கொண்டை விறைத்து நிமிர்ந்திருந்தால் அச்சம் அல்லது வியப்பு. பின்னால் பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து சீறினால் விலகிப் போ என்கிறது, விலகுங்கள்.

ஒரு கிச்சன் தராசில் முதல் நாள் எடையை எழுதி வைக்க நினைப்பீர்கள். அதற்கு அது உங்கள் கையில் ஏறும் வரை காத்திருங்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், உணவுக்கு முன் எடுங்கள். 90 கிராம் பறவை 9 கிராம் இழந்தால் அது பத்தில் ஒரு பங்கு, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவு.

முதல் வாரத்தில் வாயைத் திறந்து, இறக்கையை உடலிலிருந்து தள்ளி வைத்து நின்றால் இடம் சூடு என்று அர்த்தம். கூண்டை நகர்த்தி, இறகில் சாதாரணத் தண்ணீரை மெல்லத் தூவுங்கள். காலை வெயிலில் பாதி, நிழலில் பாதி கூண்டு இருக்குமாறு அரை மணி வைத்தால், வேண்டிய பக்கத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உடலுக்கு வேண்டிய கதிர் வடிகட்டப்பட்டுவிடும். சன்னலைத் திறந்துவையுங்கள், கூண்டுக் கதவின் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகு.